ஹாரி பாட்டர் முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுப்பது?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "மகளுக்குப் பதினாலு வயது. ஹாரி பாட்டர் ஏழு பாகமும் முடித்துவிட்டாள், பெர்சி ஜாக்சனும் ஆயிற்று. மந்திரம், கடல், சண்டை, காட்டுக்குள் போவது என்று இருந்தால் போதும், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் மட்டும் பத்துப் பக்கத்தில் மூடிவிடுகிறாள். பொன்னியின் செல்வன் கொடுக்கலாமா? படம் பார்த்துவிட்டாள். பன்னிரண்டு வயதில் ஒரு தம்பியும் இருக்கிறான், அவன் எதையும் தொடுவதே இல்லை. இரண்டு பேருக்கும் என்ன வாங்கலாம்?"

ஆச்சி, மகள் மூடி வைத்த தமிழ்ப் புத்தகங்கள் எவை என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் தெரிகிறது. பள்ளி ஆண்டு விழாவில் பரிசாக வருகிற நீதிக்கதைத் தொகுப்பு, தெனாலிராமன், பேசுகிற முயல், கடைசி வரியில் ஒரு புத்திமதி. எட்டு வயதுக்கு அது சரி. மூவாயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு பையனோடு கூடவே நடந்து, சாவையும் துரோகத்தையும் பார்த்துவிட்டு வந்த பெண்ணிடம் அதை நீட்டினால் மூடத்தான் செய்வாள். தமிழ் படிக்க வேகம் போதவில்லை என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் அது அடுத்த காரணம். வேகம் நல்ல கதை கிடைத்தால் ஒரு மாதத்தில் வந்துவிடும். பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து நான் பார்த்தவரை, தமிழ் வராது என்று சொல்லிக்கொண்டு திரிந்த பிள்ளைகள் பெரும்பாலோருக்குத் தங்கள் வயதுக்கு ஏற்ற தமிழ்க் கதை கைக்கு வந்ததே இல்லை.

தமிழில் பதின்ம வயதுக்கென்று தனி அலமாரி கிடையாது. அந்தக் காலத்தில் பன்னிரண்டு வயது வரை அம்புலிமாமா, கண்ணன், கல்கண்டு. அதற்கப்புறம் நேராக அப்பத்தா கையில் இருக்கிற வாரப் பத்திரிகைத் தொடர்கதை. நடுவில் படியே இல்லை. ஆனால் அந்தத் தொடர்கதைகளே படியாக இருந்தன என்பதுதான் விஷயம். வாரம் ஓர் அத்தியாயம் என்பதால் எழுதியவர் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு கொக்கியில் மாட்டித்தான் முடித்தாக வேண்டும். யாரோ கதவைத் தட்டுவார்கள், இருட்டில் ஒரு கை தோளைத் தொடும், தொடரும். இன்றைக்குப் பதின்ம வயது நாவல் என்று ஆங்கிலத்தில் வருகிறவையும் இதே தொழில்நுட்பத்தில்தான் ஓடுகின்றன. அதனால் உங்கள் மகளுக்கான தமிழ் அலமாரி சிறுவர் இலக்கியப் பகுதியில் இல்லை, பத்திரிகைத் தொடர்களில் இருக்கிறது.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். முதலில் நான் கொடுப்பது பொன்னியின் செல்வன் இல்லை. சு. வெங்கடேசனின் வேள்பாரி. ஆனந்த விகடனில் 2016இல் தொடங்கித் தொடராக வந்தது, இப்போது இரண்டு பெரிய பாகங்களாகக் கிடைக்கிறது. மணியம் செல்வன் ஓவியங்களோடு. கபிலர் பறம்பு மலைக்கு முதல்முறையாக வருகிறார். அவரை மேலே அழைத்துப் போகிறவன் நீலன் என்கிற இளைஞன். பெரும்புலவர் மூச்சு வாங்குகிறார், இவனோ காட்டையே வீடு மாதிரிச் சுற்றிக்காட்டுகிறான். எந்தச் செடியைத் தொடக்கூடாது, எந்த ஓசைக்கு நிற்க வேண்டும், எந்த மரத்தடியில் தங்கலாம். புதிதாக ஓர் உலகத்துக்குள் நுழைகிறவனின் கையைப் பிடித்து வாசகரையும் உள்ளே கூட்டிப்போவது. ஹாரியை ஹாக்ரிட் கூட்டிப்போனபோது உங்கள் மகள் எப்படி வாயைப் பிளந்தாளோ, அதே இடம்தான் இது.

ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன், கதையை உடைக்காமல். பறம்பில் ஒரு சிறு விலங்கு இருக்கிறது, தேவாங்கு. எங்கே விட்டாலும் வடக்குப் பார்த்தே உட்காரும். பறம்பு மக்களுக்கு அது குறி கேட்கிற தெய்வ விலங்கு. அதைப் பார்த்துவிடுகிற வெளியூர்க்காரர்களுக்கு வேறு யோசனை வருகிறது: நடுக்கடலில் மேகம் மூடி நட்சத்திரம் தெரியாமல் தவிக்கிற கப்பலில் இப்படி ஒன்று இருந்தால்? அவ்வளவுதான், வணிகமும் அரசும் படையும் அந்த மலையை நோக்கித் திரும்பிவிடுகின்றன. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிராணியிலிருந்து ஒரு போரே கிளம்புகிறது. கற்பனைக் கதை எழுதுகிறவர் எந்த மொழியில் எழுதினாலும் இப்படி ஒன்று கிடைத்தால் கொண்டாடுவார். கடல் வணிகம் செய்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதன் விலை இன்னும் நன்றாகவே புரியும்.

இன்னொரு வசதி, பறம்பு மலை என்று சொல்லப்படுவது நம் பிரான்மலைதான். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் போய்விடலாம். முதல் பாகத்தில் நூறு பக்கம் தாண்டியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள். அடிவாரத்துக் கொடுங்குன்றநாதர் கோயில் தேவாரப் பாடல் பெற்றது, மலை உச்சியில் தர்கா இருக்கிறது. ஏறும்போது யார் கபிலர், யார் நீலன் என்று அங்கேயே தெரிந்துவிடும். நீங்கள்தான் கபிலர், சந்தேகம் வேண்டாம். போரும் ரத்தமும் நிறைய உண்டு, ஆண் பெண் காதல் பகுதிகளும் உண்டு. பதினாலு வயதுக்குத் தாங்கும் என்பது என் கணக்கு. உங்களுக்குத் தயக்கம் இருந்தால் நீங்கள் முதலில் படித்துவிடுங்கள், எப்படியும் கீழே வைக்க மாட்டீர்கள்.

சரி, பொன்னியின் செல்வன். கொடுக்கலாம், இரண்டாவதாக. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடர், ஐந்து பாகம். படம் பார்த்துவிட்டாளே என்று கவலைப்பட வேண்டாம். யார் யார் என்று முகம் தெரிந்துவிட்டதால் பெயர்க் குழப்பம் இல்லை, அதுவே பாதி வேலை. பிள்ளைகள் கைவிடுகிற இடம் எது என்பதும் தெரிந்ததுதான்: ஆரம்பத்தில் ஆழ்வார்க்கடியான் சைவரோடு வாதம் செய்கிற பக்கங்கள். அங்கே இவளுக்குக் கண் சொருகும். "அதைத் தாண்டிக் கடம்பூர் மாளிகைக்குப் போ, ராத்திரி என்ன நடக்கிறது பார்" என்று சொல்லிவிடுங்கள். பக்கம் தாண்டிப் படிப்பது பாவம் இல்லை. இரண்டாம் பாகமான சுழற்காற்று வரை இழுத்து வந்துவிட்டால் கோடிக்கரையில் பூங்குழலி நிற்கிறாள். தனியாகப் படகோட்டி ஈழத்துக்குப் போகிற பெண். சதுப்பு நிலமும் கொள்ளிவாய்ப் பிசாசு வெளிச்சமும் அவளுடைய வேடிக்கைப் பேச்சுமாக வருகிற அந்தப் பகுதியைப் பதினாலு வயதுப் பெண் மறக்கமாட்டாள். குந்தவையும் நந்தினியும் பெரியவர்களுக்கு, பூங்குழலி இவளுக்கு.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். டோல்கினின் மோதிரக் கதையான லார்ட் ஆஃப் த ரிங்ஸின் முதல் பாகம் இங்கிலாந்தில் வெளிவந்தது 1954இல். கல்கி ஐந்து பாகத்தை முடித்ததும் அதே வருஷம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கக்கூட வாய்ப்பில்லை. இரண்டு மொழியிலும் பெருங்கதை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அந்த இரண்டு பேர் நிழலைத் தாண்ட முடியாமல்தான் எழுதுகிறார்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் மலிவாகப் போடுகின்றன. பார்த்து வாங்குங்கள். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிற பதிப்பை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை படிக்கவில்லை என்று சொல்லக்கூடாது. இணையத்தில் மதுரைத் திட்டம் என்கிற மின்னூல் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, ஒரு பாகத்தை அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கினாலும் சரி.

கடல் வேண்டும் என்கிறாளா? சாண்டில்யனின் கடல் புறா மூன்று பாகம். கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கி, கருணாகரத் தொண்டைமான் சிறையிலிருந்து தப்பி, சுமத்ராவின் அட்சய முனை வரைக்கும் போகிற கதை. அகூதா என்கிற சீனக் கடற்கொள்ளைக்காரன் வருகிறான். கப்பல் எப்படிக் கட்டுவது, காற்றை எப்படிப் பிடிப்பது, எதிரிக் கப்பலை எந்தப் பக்கம் சுற்றி வளைப்பது என்று சாண்டில்யன் எழுதுகிற கடற்சண்டைக்குத் தமிழில் ஈடு கிடையாது. ஆனால் கதாநாயகி உள்ளே வந்துவிட்டால் அவளை வர்ணித்து முடிக்க நாலைந்து பக்கம் எடுத்துக்கொள்வார். இன்றைய பெண் பிள்ளைகளுக்கு அது சலிப்பாக இருக்கிறது, சிலருக்குக் கோபமே வருகிறது. நியாயமான கோபம். பதினாறு வயதுக்கு மேல் கொடுங்கள், கோபப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும், சண்டையை ரசிப்பாள். அவருடைய யவன ராணிக்கும் இதே பேச்சுதான்.

கடல் என்றதும் நம் பக்கத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போனால் தப்பு. ப. சிங்காரம், சிங்கம்புணரியில் பிறந்தவர். இந்தோனேசியாவின் மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். அவருடைய புயலிலே ஒரு தோணி, ஜப்பான் படை மேடானுக்குள் நுழைவதில் தொடங்குகிறது. பாண்டியன் என்கிற நம் ஊர்ப் பையன், கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன இடத்தில் உலக யுத்தத்தில் மாட்டிக்கொள்கிறான். தொங்கான் என்கிற பாய்மரக் கப்பலில் பினாங்குக்குக் கிளம்பி நடுக்கடலில் புயலில் சிக்குகிற அத்தியாயம் இருக்கிறதே, தமிழில் கடலை அப்படி எழுதியவர் வேறு யாரும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். கடை, அடுத்தாள், பெட்டியடி என்கிற வட்டிக்கடைச் சொற்கள், சின்னமங்கலத்துச் சந்தை என்று உங்கள் வீட்டு ஐயா பேசிய பேச்செல்லாம் அதில் வரும். ஆனால் இது மகளுக்கு இப்போது வேண்டாம். குடி, விலைமாதர், கொலை எல்லாம் வெளிப்படையாக வரும். நடையும் நேர்கோட்டில் போகாது, நினைவு ஒரு பக்கம் புலவர் பேச்சு ஒரு பக்கம் என்று தாவும். கல்லூரிக்குப் போகிற வருஷம் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். அதுவரை நீங்கள் படியுங்கள்.

மந்திரமும் மாயமும்தான் வேண்டும், சரித்திரம் வேண்டாம் என்றால் தமிழில் இடம் கொஞ்சம் குறுகிவிடுகிறது. அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. எஸ். ராமகிருஷ்ணனின் ஏழுதலை நகரம், விழியனின் மாகடிகாரம் இரண்டும் நன்றாக இருக்கும், ஆனால் வயது பத்து முதல் பதிமூன்று. மகளுக்குக் கொஞ்சம் சின்னதாகப் படலாம், தம்பிக்குச் சரி. ஜெயமோகனின் பனிமனிதன் நடுவில் நிற்கிற புத்தகம். தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்தது. பனிமலையில் ஒரு பெரிய காலடித் தடம், அதைத் தேடி ஒரு ராணுவ அதிகாரியும் ஒரு டாக்டரும் கிம் என்கிற சிறுவனும் கிளம்புகிறார்கள். வேகமான சாகசம், நடுநடுவே பரிணாமம், பௌத்தம் என்று கேள்வி கேட்டுக்கொண்டே போகும். வாக்கியங்கள் சின்னவை. தமிழில் வேகம் போதாத பிள்ளைக்கு முதல் நாவலாக நான் கையில் கொடுப்பது இதைத்தான். பிடித்துப்போனால் அதே ஆசிரியரின் வெள்ளிநிலம் இருக்கிறது, அதுவும் இமயமலைப் பக்கம். சுஜாதாவின் என் இனிய இயந்திரா, மீண்டும் ஜீனோ இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். ஜீனோ என்கிற ரோபோ நாய்க்கு வாய் கொஞ்சம் நீளம், அதன் கிண்டலுக்காகவே படிப்பாள். எதிர்கால சர்வாதிகார ஆட்சி பற்றிய கதை, ஹங்கர் கேம்ஸ் வாசிக்கிற வயதுக்குச் சரியாகப் பொருந்தும்.

ஆங்கிலத்தில் அடுத்தது என்ன என்றும் கேட்பாள். இங்கே பட்டியல் போட்டால் முடிவே இல்லை, அதனால் எதை ரசித்தாள் என்று முதலில் அவளிடம் கேட்டுப் பாருங்கள். ஹாரி பாட்டரில் அந்தப் பள்ளிக்கூடம் பிடித்தது என்றால் அர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ வரிசை. 1968இல் வந்த முதல் புத்தகத்திலேயே மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, ஹாக்வார்ட்ஸுக்கு முப்பது வருஷம் முன்னால். நாயகன் கெட் நம்மைப்போல மாநிறத்துப் பையன். உலகம் முழுக்கத் தீவுகள், ஊருக்கு ஊர் படகில்தான் போக வேண்டும். சண்டை குறைவு, அகங்காரத்தில் தானே கிளப்பிவிட்ட ஒரு நிழலுக்குப் பயந்து ஓடுவதும், பிறகு திரும்பி நின்று அதைத் துரத்துவதும்தான் கதை. மெதுவாகப் போகும், மெலிந்த புத்தகம், மனசில் தங்கிவிடும். பெர்சி ஜாக்சனில் புராணக் கலப்பு பிடித்தது என்றால் ரோஷனி சோக்ஷியின் ஆரு ஷா வரிசை. பாண்டவர்கள் இந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளாகப் பிறந்தால் என்ன ஆகும் என்பது கதை. அமெரிக்கப் பள்ளிக்கூட நகைச்சுவை, வேகம் குறையாது. பாரதம் தெரிந்த பிள்ளைக்குச் சில இடங்கள் உறுத்தலாம், ஆனால் சண்டை போட்டுக்கொண்டே படித்துவிடுவாள்.

சிரிப்பு பிடிக்கும் என்றால் டயானா வின் ஜோன்ஸின் ஹவுல்ஸ் மூவிங் காசில். தொப்பிக் கடையில் வேலை பார்க்கிற சோஃபி என்கிற இளம்பெண்ணை ஒரு சூனியக்காரி கிழவியாக மாற்றிவிடுகிறாள். கிழவியானதும் சோஃபிக்கு வருகிற தைரியம்தான் கதையே. வாசலில் நின்று ஊரையே அதட்டுகிற ஆச்சிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாத்திரம் சட்டென்று பிடிபடும். ஜப்பானிய அனிமேஷன் படமாகவும் வந்திருக்கிறது, புத்தகம் வேறு ருசி. ருஷ்டி தன் மகனுக்காக எழுதிய ஹாரூன் அண்ட் த சீ ஆஃப் ஸ்டோரீஸும் இந்த வரிசையில் சேரும், நல்ல வார்த்தை விளையாட்டு. பிலிப் புல்மேனின் நார்தர்ன் லைட்ஸ் கொஞ்சம் கனமானது, இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம். டோல்கினை த ஹாபிட்டில் இருந்து தொடங்கட்டும், மோதிரக் கதைக்கு அவசரம் இல்லை.

மொழிபெயர்ப்பில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். விபூதிபூஷண் பந்தோபாத்யாய் வங்காளத்தில் எழுதி 1937இல் புத்தகமாக வந்த சந்தேர் பஹார். ஆங்கிலத்தில் கிடைக்கிறது. வங்காளக் கிராமத்துப் பையன் சங்கர், ஆப்பிரிக்காவில் ரயில் பாதை போடுகிற இடத்துக்கு வேலைக்குப் போகிறான். சிங்கம் நடமாடுகிற ஸ்டேஷனில் தனியாளாக இரவைக் கழிக்கிறான். பிறகு அல்வாரெஸ் என்கிற போர்ச்சுக்கீசியக் கிழவரோடு வைரம் தேடிக் கிளம்புகிறான். எழுதியவர் ஆப்பிரிக்காவுக்குப் போனதே இல்லை! நம்ப முடியாத அளவுக்குக் காடு கண்முன்னே நிற்கும். வெள்ளைக்காரன் புதையல் தேடிப்போகிற கதைகளையே படித்துப் பழகிய பிள்ளைக்கு, நம்மைப்போல ஒருவன் கப்பலேறிப் போகிற கதை வேறு மாதிரி இருக்கும். ரங்கூனுக்கும் சைகோனுக்கும் கப்பலேறிய குடும்பங்கள் உள்ள ஊரில் இதைப் பிள்ளைகள் படிக்காமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

ஓர் எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடையில் பதின்ம வயது என்று எழுதிய தட்டில் இருக்கிறது என்பதற்காக எல்லாம் பதினாலு வயதுக்கு ஆகாது. ஸாரா ஜே. மாஸ் எழுதிய அ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ் வரிசை முதலில் பதின்ம வயது நூலாகத்தான் விற்பனைக்கு வந்தது. உள்ளே இருப்பதோ முழுக்கப் பெரியவர்கள் விஷயம், பிறகு பதிப்பகமே அதைப் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றிவிட்டது. நம் கடைகளில் இன்னும் இரண்டும் கலந்தே கிடக்கின்றன, அட்டையில் வித்தியாசம் தெரியாது. இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு மகள் கேட்கக்கூடிய பெயர் இது. கேட்டால் அதட்ட வேண்டாம், "இதைப் பதினெட்டில் படிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேறொன்றைக் கையில் கொடுங்கள். கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கும் இதுவேதான். ஹங்கர் கேம்ஸில் பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்கிறார்கள், கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் வன்முறையை ரசிக்க வைக்கிற புத்தகம் அல்ல. பதினாலுக்குக் கொடுக்கலாம், படித்த பிறகு உட்கார்ந்து பேசுங்கள்.

இப்போது தம்பி. எதையும் தொடாத பையனிடம் நாவலை நீட்டாதீர்கள். காமிக்ஸ் வாங்குங்கள். சிவகாசியிலிருந்து 1972இல் இரும்புக்கை மாயாவியோடு கிளம்பிய முத்து காமிக்ஸும், பிறகு வந்த லயன் காமிக்ஸும் இன்றைக்கும் வருகின்றன. டெக்ஸ் வில்லர் கதை ஒன்றை வாங்கி, "படி" என்று சொல்லாமல் அவன் கண்ணில் படுகிற இடத்தில் போட்டுவையுங்கள். காமிக்ஸ் படிப்பது படிப்பில் சேராது என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். படத்தோடு கட்டத்துக்குள் நாலு வரி படிக்கிறவன் ஆறு மாதத்தில் படம் இல்லாமல் நாற்பது வரி படிப்பான்.

அடுத்த படியாக அவனுக்கு உதயசங்கரின் ஆதனின் பொம்மை. 2023இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது, மெலிந்த புத்தகம், பயமுறுத்தாது. கீழடியில் ஒரு சிறுவன் பழைய காலத்துக்குப் போய்வருகிற கதை. கீழடி நம் சிவகங்கை மாவட்டம்தானே, அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயர் உண்மையாகவே கீறியிருக்கிறது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தையும் செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள், தூணும் முற்றமுமாக. புத்தகத்தை முடித்த வாரம் கூட்டிப்போனால் பையன் அந்த ஓட்டின் முன்னால் அசையாமல் நிற்பான். துப்பறிகிற கதை பிடிக்கும் என்றால் சத்யஜித் ராயின் ஃபெலுடா கதைகளைப் பாரதி புத்தகாலயம் தமிழில் சின்னச் சின்னப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று முடியும். தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளும் உண்டு, தேவகோட்டைக்காரர் எழுதியது என்று சொல்லிக் கொடுங்கள். சில இடம் இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும், வேகத்தில் குறை சொல்ல முடியாது.

வாண்டுமாமாவை மறக்கக்கூடாது. அரிமளத்தில் பிறந்தவர், கோகுலம், பூந்தளிர் என்று பல பத்திரிகைகளை நடத்தியவர். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா ராயவரம். சிறுவர் எழுத்து என்றால் ஒரு காலத்தில் நம் சீமையும் புதுக்கோட்டையும்தான் முன்னால் நின்றன. வாண்டுமாமாவின் மாயாஜாலக் கதைகளைத் தம்பிக்கு நீங்கள் ராத்திரியில் வாசித்துக் காட்டலாம். பன்னிரண்டு வயதுக்கு வாசித்துக் காட்டுவதா என்று யோசிக்காதீர்கள். நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கே கிடைக்கும் என்பதற்கு வருகிறேன். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. காரைக்குடிக் கிளை நூலகத்தில் இரண்டு பேர் பெயரிலும் தனித்தனி உறுப்பினர் அட்டை எடுத்துவிடுங்கள், கட்டணம் மிகக் குறைவு. பிள்ளை தன் பெயரில் எடுக்கிற புத்தகத்துக்குத் தனி மரியாதை உண்டு. சாண்டில்யனும் கல்கியும் சுஜாதாவும் நிச்சயம் இருக்கும். விடுமுறையில் ஒரு நாள் மதுரைக்கு, 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். சிறுவர் பகுதி தனியாகப் பெரிதாக இருக்கிறது, காலையில் உள்ளே விட்டால் சாயங்காலம் இழுத்துக்கொண்டுதான் வரவேண்டும். தமிழ்ச் சிறுவர் நாவல்களை மதுரைப் புத்தகக் காட்சியில் மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும்.

அதற்கு முன்னால் உங்கள் வீட்டையே ஒரு தரம் பாருங்கள். இரண்டாங்கட்டு மாடியிலோ பெட்டகத்திலோ பழைய பைண்டுத் தொகுப்புகள் கிடக்கலாம். வாரா வாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டுத் தைத்து, முதுகில் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். நடுநடுவே சோப்பு விளம்பரம், கடைசிப் பக்கம் கிழிந்து பென்சிலால் எழுதிய முடிவு. கோட்டையூரில் ரோஜா முத்தையா இப்படிச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும்தான் 1994இல் சென்னைக்குப் போய் இன்றைக்கு ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. பல வீடுகளில் மிச்சம் இருந்ததெல்லாம் பாகம் பிரிக்கும்போது எடைக்குப் போய்விட்டது, அல்லது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மரச்சாமானோடு சேர்ந்து விலைபோகிறது. உங்கள் வீட்டில் ஒன்று இருந்து, அதில் மணியம் வரைந்த வந்தியத்தேவன் இருந்தால், புதுப் பதிப்பு வாங்கவே வேண்டாம். தூசி தட்டி, பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்படியே கொடுங்கள். தும்மிக்கொண்டே படிப்பாள்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு இந்த மாதம் பனிமனிதன், தமிழ் வேகம் பிடிப்பதற்காக. முடித்ததும் வேள்பாரி முதல் பாகம். நடுவில் ஆங்கிலத்தில் எர்த்சீ. பொன்னியின் செல்வனை மே மாத விடுமுறைக்கு ஒதுக்குங்கள், பரீட்சை சமயத்தில் தொடங்கினால் பழி என் மேல் வரும். தம்பிக்கு டெக்ஸ் வில்லர் இரண்டு, ஆதனின் பொம்மை ஒன்று. வேள்பாரியை அவள் எந்த இடத்தில் நிறுத்தினாள் என்று சொல்லுங்கள், அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.